கட்டி முடியாத அணு உலைக்கு வட்டி யார் கட்டுவது?

புதிதாக அணுமின் நிலையம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தால், அந்தச் செய்தியில் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கும். இத்தனை ஆயிரம் கோடி, இத்தனை ஆண்டு. இரண்டையும் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பின்லாந்தின் மேற்குக் கரையில் ஒல்கிலுவோட்டோ என்றொரு தீவு. அங்கே மூன்றாவது உலை கட்ட 2003-ல் ஒப்பந்தம் போட்டபோது சொன்ன செலவு சுமார் 300 கோடி யூரோ, மின்சாரம் வரும் ஆண்டு 2009. வேலை 2005-ல் தொடங்கியது. உலை முறையான உற்பத்திக்கு வந்தது 2023 ஏப்ரலில். அதற்குள் செலவு சுமார் 1,100 கோடி யூரோவைத் தொட்டிருந்தது. பிரான்சின் ஃபிளமான்வில்லில் அதே ரக உலைக்குச் சொன்னது 330 கோடி யூரோ, 2012. மின்தொகுப்பில் அது இணைந்த நாள் 2024 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோகல் 3, 4 என்று இரண்டு உலைகள். 1,400 கோடி டாலர் என்று தொடங்கி, 3,500 கோடி டாலர் அளவில் முடிந்தன. 2016, 2017-ல் வரவேண்டியவை 2023-லும் 2024-லும்தான் வந்தன.

இவை எல்லாம் அணு உலை கட்டிப் பழகாத நாடுகள் இல்லை. பிரான்ஸ் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அணு உலைகளில் எடுக்கும் நாடு. அப்படியும் ஏன் இப்படி ஆகிறது?

முதலில், அறிவிப்பில் வரும் அந்தத் தொகை என்ன தொகை என்று பார்க்க வேண்டும். மின்துறைக் கணக்கில் 'ஓவர்நைட்' செலவு என்று ஒன்று உண்டு. மொத்த நிலையமும் ஒரே ராத்திரியில் எழும்பிவிட்டதாக வைத்துக்கொண்டால் சிமென்ட், கம்பி, இயந்திரம், கூலி, பொறியாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஆகும் பணம் அது. கடனுக்கான வட்டி அதில் வராது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. இரண்டு டிசைன்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்தான் வசதி. ஆனால் யாரும் ஒரே ராத்திரியில் கட்டுவதில்லை. ஃபிளமான்வில்லுக்குக் கடைசியாக அதைக் கட்டிய பிரெஞ்சு மின் நிறுவனமான ஈ.டி.எஃப் சொன்ன 1,320 கோடி யூரோ இந்த வகைக் கணக்கு, அதுவும் 2015-ம் ஆண்டு விலையில். நிதிச் செலவையும் சேர்த்து, 2023 விலைக்கு மாற்றி, பிரான்சின் அரசுத் தணிக்கை மன்றம் 2025 ஜனவரியில் போட்ட கணக்கு 2,370 கோடி யூரோ. இரண்டும் ஒரே உலையைப் பற்றியதுதான், இரண்டும் பொய்யில்லை. எந்த ஆண்டு விலை, வட்டி உள்ளேயா வெளியேயா என்று கேட்காமல் இந்தத் துறையில் எந்த எண்ணையும் இன்னொரு எண்ணோடு ஒப்பிட முடியாது.

சரி, வட்டி அவ்வளவு பெரிய விஷயமா? சின்னதாக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10,000 கோடி ரூபாய் திட்டம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 2,000 கோடி வீதம் ஐந்து ஆண்டுகள் கடன் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம், கூட்டு வட்டி. ஐந்தாம் ஆண்டு முடிவில் உலை ஓடத் தொடங்கினால், அன்றைக்கு நம் தலையில் இருக்கும் கடன் 13,431 கோடி. வட்டி மட்டும் 3,431 கோடி.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். ஐந்து ஆண்டில் பணம் முழுவதும் செலவாகிவிட்டது, கட்டடம் எழுந்துவிட்டது. ஆனால் ஏதோ குழாயில் வெல்டிங் சரியில்லை என்று உலை இன்னும் ஐந்து ஆண்டு ஓடாமல் நிற்கிறது. கூடுதலாக ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்கவில்லை, ஒரு ஆளுக்குக்கூட சம்பளம் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பத்தாம் ஆண்டு முடிவில் கடன் 21,631 கோடி. அசலைவிட வட்டி அதிகம். இதே 10,000 கோடியைத் தொடக்கத்திலிருந்தே நிதானமாக, ஆண்டுக்கு 1,000 கோடி வீதம் பத்து ஆண்டு செலவழித்திருந்தால் கடன் 17,531 கோடியில் நின்றிருக்கும். அதே பத்து ஆண்டுதான், ஆனால் நாலாயிரம் கோடிக்கு மேல் வித்தியாசம். ஆரம்பத்தில் வரும் தாமதத்தைவிட கடைசியில் வரும் தாமதம்தான் ஆளைச் சாய்க்கும். வங்கிக் கடனில் வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். அஸ்திவாரம் போடுமுன் ஆறு மாதம் தள்ளிப்போனால் பெரிய நஷ்டமில்லை. பூச்சு வேலை பாக்கி என்று ஆறு மாதம் நின்றால் தவணையும் கட்ட வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கட்ட வேண்டும்.

மற்ற மின் நிலையங்களுக்கும் இதே கணக்குதானே என்று கேட்கலாம். எரிவாயு நிலையத்தில் கட்டும் செலவு குறைவு, காலம் முழுக்க எரிபொருளுக்குத்தான் பணம் போகும். அணு உலையில் தலைகீழ். யுரேனியத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், பணத்தில் பெரும்பகுதி முதல் யூனிட் மின்சாரம் வருவதற்கு முன்பே போய்விடும். சூரிய மின் பண்ணையிலும் பணம் முன்கூட்டியேதான் போகிறது. ஆனால் அது ஓரிரு ஆண்டில் முடிந்து வருமானம் தரத் தொடங்கிவிடும். முதலீடு பெரிது, காலமும் நீளம் என்று இரண்டும் சேர்ந்து வருவதுதான் அணு உலையின் தனிச் சங்கடம்.

அப்புறம், தாமதம் ஏன் வருகிறது? ஒல்கிலுவோட்டோவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பிரான்சின் அரேவாவும் ஜெர்மனியின் சீமென்ஸும் சேர்ந்து, 'சாவியைக் கையில் தருகிறோம், விலை மாறாது' என்ற முறையில் ஒப்பந்தம் எடுத்தார்கள். ஈ.பி.ஆர் என்ற அந்த ரகத்தில் உலகின் முதல் உலை இது. விரிவான வரைபடங்கள் முழுதாகத் தயாராகும் முன்பே மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே அடித்தளக் கான்கிரீட்டில் சிக்கல். கலவையில் தண்ணீர் கூடிப்போய், கேட்ட தரத்தைவிட நுண்துளைகள் அதிகமாக இருந்தன. உலைக் கட்டடத்தின் கான்கிரீட் கூட்டுக்கு உள்பக்கம் வரும் இரும்புத் தகட்டைச் செய்யும் வேலை, அணு உலை அனுபவம் இல்லாத ஒரு துணை ஒப்பந்ததாரருக்குப் போயிருந்தது. வெல்டிங்கில் குறைகள். திருத்து, மறுபடி சோதி, மறுபடி எழுதிக் கொடு. இதெல்லாம் எப்படி நடந்தது என்று பின்லாந்தின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2006-ல் தனியாக ஒரு விசாரணையே நடத்தியது. அதன் பிறகு உலையின் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பின் டிசைனுக்கு ஒப்புதல் வாங்குவதில் ஆண்டுகள் ஓடின. ஒருவழியாக 2022-ல் மின்தொகுப்பில் இணைத்துச் சோதனை ஓட்டம் போய்க்கொண்டிருந்தபோது, நீரேற்றும் பம்புகள் நான்கிலும் சுழலியில் விரிசல் இருப்பது தெரிந்தது. இன்னும் சில மாதம் போயிற்று.

சாதாரணக் கட்டடத்திலும் கலவை தப்பும், வெல்டிங் தப்பும். அங்கே மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை இடித்துத் திரும்பக் கட்டச் சொல்வார், ரெண்டு நாள் போகும். அணு உலையில் இரும்பும் கான்கிரீட்டும் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். இந்த வெல்டிங்கை யார் செய்தார், அவருக்குத் தகுதிச் சான்று உண்டா, எந்தத் தொகுதி இரும்பு, சோதனைப் படத்தில் என்ன தெரிந்தது என்று எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். வோகலில் 2012-ல் அடித்தளத்துக்குக் கட்டிய கம்பி, உரிமத்தில் குறிப்பிட்ட விவரத்தோடு ஒத்துப்போகவில்லை. கம்பி பலமா இல்லையா என்பதைத் தாண்டி, உரிமத்தில் உள்ளபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உரிமத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கும்வரை கான்கிரீட் போட முடியாது. உலைக் கட்டடத்தின் முதல் கான்கிரீட் 2013 மார்ச்சில்தான் விழுந்தது.

ஃபிளமான்வில்லில் நடந்தது இதைவிடக் கொடுமை. நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்கள், உலையைச் சுற்றியுள்ள இரட்டைக் கான்கிரீட் சுவர்களைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே எட்டு வெல்டிங் இணைப்புகள். அந்தக் குழாய் உடையவே உடையாது என்ற எடுகோளின் மேல்தான் பாதுகாப்புக் கணக்கே போட்டிருந்தார்கள். அந்த அளவு தரத்தில் இணைப்புகள் இல்லை. உலையை ஓட்டத் தொடங்கிவிட்டுப் பிறகு சரிசெய்கிறோம் என்று ஈ.டி.எஃப் கேட்டுப் பார்த்தது. முடியாது, முதலில் சரிசெய் என்று 2019 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. ஆனால் சுவர் எழும்பிவிட்டது, குழாய் உள்ளே, ஆள் போக வழியில்லை. குழாய்க்குள் ஊர்ந்து போய் வெல்டிங் வைக்க ரோபோக்களை உருவாக்கித்தான் வேலையை முடித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மதிப்பீடு ஒரே தாவலில் 150 கோடி யூரோ ஏறியது. எரிபொருள் நிரப்பும் நாள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. மேலே போட்ட கற்பனைக் கணக்கின் இரண்டாம் பாதி கற்பனையே இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இந்த வெல்டிங் ஏன் முதலில் சரியாக வரவில்லை? ஒழுங்குமுறை கடுமையாகிவிட்டது என்பது தொழில்துறை தரும் வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு, பாதி கட்டிய உலைகளில்கூட விதிகள் மாறின, கட்டியதைப் பிரித்துக் கட்டினார்கள். ஆனால் விதியைவிட பெரிய காரணம் கைப்பழக்கம் விட்டுப்போனது என்றே நினைக்கிறேன். பின்லாந்து தன் முந்தைய உலைகளை 1980 வாக்கில் முடித்தது. வோகல் 3, 4-க்கு முன் அமெரிக்காவில் தொடங்கிக் கட்டி முடித்த உலைகள் எல்லாம் 1970-களிலோ அதற்கு முன்போ தொடங்கியவை. ஒரு தலைமுறை வெல்டர்கள், மேற்பார்வையாளர்கள், வால்வு செய்த பட்டறைகள் எல்லாம் ஓய்வுபெற்றுப் போன பின் திடீரென்று பெரிய உலை கட்டச் சொன்னால், முதல் உலையே பயிற்சிப் பட்டறையாகிவிடும். கட்டணம் மட்டும் உலைக்கான கட்டணம்.

நம் ஊர்க் கூடங்குளத்துக்கு வருவோம். அது தாமதமானதற்குப் போராட்டம்தான் காரணம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கோர்பச்சேவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில். சோவியத் ஒன்றியம் உடைந்தது, திட்டம் கிடப்பில் போனது. முதல் கான்கிரீட் 2002 மார்ச்சில். முதல் உலை 2007 டிசம்பரில் தயாராக வேண்டும், இரண்டாவது அடுத்த ஆண்டு டிசம்பரில். இடிந்தகரைப் போராட்டம் பெரிதானது 2011 செப்டம்பரில். அதாவது அன்றைக்கே முதல் உலை மூன்றே முக்கால் ஆண்டு தாமதம். ரஷ்யாவிலிருந்து கருவிகள் வரிசைப்படி வந்து சேரவில்லை என்பதுதான் அதற்கு அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம். வரிசை என்பது இங்கே சாதாரண விஷயமில்லை. கூரை மூடுவதற்கு முன் உள்ளே இறக்க வேண்டிய கருவி வரவில்லை என்றால், மற்ற எல்லாம் வந்து கிடந்தும் பயனில்லை. போராட்டத்தால் வேலை முடங்கியது சுமார் அரை ஆண்டு. 2012 மார்ச்சில் மாநில அரசு பச்சைக்கொடி காட்டிய பிறகும், அடுத்த ஆண்டு ஏப்ரலில் சில வால்வுகள் குறையுள்ளவை என்று தெரிந்து மாற்ற வேண்டியிருந்தது. வணிக உற்பத்தி 2014 கடைசி நாளில். 13,171 கோடி என்று தொடங்கிய இரண்டு உலைகளின் செலவு 22,462 கோடியில் முடிந்தது. போராட்டம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. தாமதக் கணக்கில் அதன் பங்கு சிறியது.

கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலை இன்னொரு ரகம். 500 மெகாவாட், திரவச் சோடியத்தால் குளிரூட்டுவது. இதே வகையில் நம்மிடம் அதற்கு முன் இருந்தது ஒரு சின்னச் சோதனை உலைதான். 2004-ல் வேலை தொடங்கிய சில வாரங்களிலேயே சுனாமி வந்து அடித்தளக் குழிக்குள் கடல்நீர் புகுந்தது. 2010-ல் முடிய வேண்டிய உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். 3,492 கோடி என்ற முதல் மதிப்பீடு 5,677 கோடியாகி, அதற்கும் மேலே போனது. உலகில் வெகு சிலரே செய்து பார்த்த ஒன்று என்பதால் இதை மற்ற உலைகளோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஆனால் 2010 என்று எழுதிக் கொடுத்தபோதும் அது புதிய ரகம்தான் என்பது தெரிந்திருக்குமே.

சீக்கிரம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் காஷிவாசாகி-கரிவா 6-வது உலை 1992 நவம்பரில் தொடங்கி 1996 நவம்பரில் உற்பத்திக்கு வந்தது, நான்கே ஆண்டு. அது அந்த ரகத்தில் உலகின் முதல் உலை! 'முதல் உலை என்பதால் தாமதம்' என்ற சாக்கு இங்கே எடுபடவில்லை. டிசைன் முடிந்த பின் தொடங்கினார்கள், கட்டியவர்கள் நேற்றுவரை வேறு உலை கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் தென்கொரியர்கள் நான்கு உலைகளை ஒரே டிசைனில் வரிசையாகக் கட்டினார்கள். அதுவும் சொன்னதைவிடச் சில ஆண்டு தாமதம்தான், ஆனால் உலைக்கு எட்டு ஆண்டு அளவில் முடித்தார்கள். பின்லாந்தின் அதே ஈ.பி.ஆர் உலை சீனாவின் தைஷானில் ஒன்பது ஆண்டில் வந்துவிட்டது.

டிசைன் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பிரிட்டனின் ஹிங்க்லி பாயின்ட் சி சாட்சி. அதுவும் ஈ.பி.ஆர்தான். ஆனால் பிரிட்டன் விதிகளுக்காக 7,000 மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது, இரும்பு 35 சதவீதமும் கான்கிரீட் 25 சதவீதமும் கூடியது என்கிறது ஈ.டி.எஃப். 2015 விலையில் 1,800 கோடி பவுண்ட் என்று தொடங்கியது, 2024 ஜனவரியில் 3,100 முதல் 3,500 கோடி ஆனது. முதல் உலை 2029-க்கு முன் வராது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். 2017 கிறிஸ்துமஸுக்கு வான்கோழியை இந்த நிலையத்தின் மின்சாரத்தில் சமைக்கலாம் என்று அந்த நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் 2007-ல் பேசியதை அந்நாட்டுப் பத்திரிகைகள் இன்றும் விடுவதாக இல்லை.

சரி, கூடுதல் செலவு யார் தலையில் விழும்? ஒல்கிலுவோட்டோவில் விலை மாறாது என்று எழுதிக் கொடுத்ததால் அடி அரேவாவுக்கு. நஷ்டத்தில் முழுகிய அந்த நிறுவனத்தைப் பிரெஞ்சு அரசு தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று, உலை கட்டும் பிரிவு ஈ.டி.எஃப் கைக்குப் போனது. அதாவது கடைசியில் பிரெஞ்சு மக்கள் பணம். வோகலில் ஜார்ஜியா வாடிக்கையாளர்கள் உலை வரும் முன்பே கட்டணத்தில் அதற்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாநிலமான தெற்கு கரோலினாவில் நடந்ததுதான் மோசம். வி.சி. சம்மர் என்ற இடத்தில், வோகலில் கட்டிய அதே ஏ.பி.1000 ரக உலைகள் இரண்டு. வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் 2017 மார்ச்சில் திவால் மனு போட்டது, ஜூலையில் திட்டமே கைவிடப்பட்டது. சுமார் 900 கோடி டாலர் செலவாகியிருந்தது, ஒரு யூனிட் மின்சாரம் வரவில்லை. நிலைமையை மறைத்ததற்காக மின் நிறுவனத்தின் தலைவர் சிறைக்குப் போனார். வாடிக்கையாளர்களோ அதுவரை மின்கட்டணத்தில் இதற்காகவும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹிங்க்லியில் வேறு ஏற்பாடு. தாமதத்தின் நஷ்டம் கட்டுபவருக்கு, பதிலாக 35 ஆண்டுக்கு மின்சாரத்துக்கு உறுதியான விலை: மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 92.50 பவுண்ட், அதுவும் 2012 விலையில், பணவீக்கத்தோடு ஏறும். அடுத்த நிலையமான சைஸ்வெல் சி-க்கு அப்படி முன்வர ஆளில்லை. அதனால் கட்டும்போதே மின்கட்டணத்தில் வசூலிக்கும் முறைக்குப் போய்விட்டார்கள். இதனால் வட்டி குறையும் என்கிறார்கள், அது உண்மை. ஆபத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத வாடிக்கையாளர் தோளுக்கு மாறியதால்தான் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய உலைதானே சிக்கல், சின்னச் சின்ன உலைகளைத் தொழிற்சாலையில் செய்து இறக்கிவிடலாமே என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் தொழிற்சாலை கட்ட முதலில் நூறு ஆர்டர் வேண்டும், ஆர்டர் வர முதலில் விலை குறைய வேண்டும். அமெரிக்காவின் நியூஸ்கேல் திட்டத்தில் மின்சாரத்தின் இலக்கு விலை மெகாவாட்-மணிக்கு 58 டாலரிலிருந்து 89 டாலராக ஏறியது, 2023 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இந்தியா இன்னொரு வழியையும் பிடித்திருக்கிறது. ஒரே டிசைனில் 700 மெகாவாட் உலைகள் பத்துக்கு 2017-ல் மத்திய அமைச்சரவை ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்தது. எனக்கு இது சரியான திசையாகவே படுகிறது, திரும்பத் திரும்பக் கட்டினால்தான் கை பழகும். எல்லாம் 2031-32-க்குள் முடிய வேண்டும் என்பது திட்டம். அந்தப் பத்தில் நான்கு வரவிருக்கும் ராஜஸ்தானின் மாஹி பன்ஸ்வாராவுக்கு அடிக்கல் நாட்டியது 2025 செப்டம்பரில். நம்மிடம் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. தாராப்பூர் 4-வது உலை 2000 மார்ச்சில் தொடங்கி ஐந்தரை ஆண்டில் முடிந்தது. இந்த 700 மெகாவாட் ரகத்தின் முதல் உலையான காக்ராபார் 3, 2010 நவம்பரில் தொடங்கி 2023 ஜூனில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. அடிக்கல் நாளிலிருந்தே கணக்கு வைத்தாலும், முதல் வேகத்தில் போனால் மாஹி பன்ஸ்வாரா 2031-ல் வரும். இரண்டாவது வேகத்தில் போனால் 2038.